ஐந்தே முக்கால் ரூபாயில் ஊன்றிய ஆலமரம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)



ஒரு நல்ல காரியத்திற்காக நாலு பேரிடம் கையேந்திப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கடினமான வேலை என்பது தெரியும். அதிலும், ஒருமுறை கொடுத்தவர் வீட்டு வாசலில் மறு ஆண்டும் போய் நிற்பது இன்னும் கடினம். இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தேன். அந்தப் பட்டறிவுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது என்பதால், முதலில் அதைச் சில வரிகளில் சொல்லிவிடுகிறேன்.

பல்லடம் பக்கத்தில் விசைத்தறிச் சத்தம் ஓயாத சிற்றூர் எங்களுடையது. என் தந்தையார் கூலிக்குத் தறி ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என்னைப்போலக் கல்லூரிக்கு வந்த ஊர் நண்பர்கள் நால்வர் சேர்ந்து, தறிக்குடிப் பிள்ளைகளுக்காக ஊர்ச் சாவடியில் ஒரு மாலைப் பள்ளி தொடங்கினோம். நன்கொடைப் புத்தகம் ஒன்று அச்சடித்துக்கொண்டு வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கினோம். முதலாண்டில் நாற்பத்து மூன்று பேர் கொடுத்தார்கள். விளக்கு, கரும்பலகை, நோட்டுப் புத்தகம் எல்லாம் வந்தன. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மறு ஆண்டு அதே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அதே படிகளில் ஏறினோம். ஒன்பதே பேர்தான் கொடுத்தார்கள்! மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பாரு ஒருவர், போன வருடம் வாங்கிப்போன காசு என்னவாயிற்று என்று மெதுவாகக் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் எங்களிடம் விடையும் இல்லை. காசை நாங்கள் தின்றுவிடவில்லை. கணக்கைத்தான் சொல்லாமல் விட்டிருந்தோம்.

அந்த மாதமே மாலைப் பள்ளியில் விளக்கு எரிவது நின்றது. தலை குனிந்து திரிந்த அந்த நாட்களில்தான், நம் கொங்கு மண்ணில் பிறந்து, வெறும் ஐந்தே முக்கால் ரூபாயை முதலாக வைத்து ஒரு கல்விக் கோட்டத்தையே எழுப்பிய பெருமகனார் தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் வாழ்வை ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன். பெரியவர்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் பட்டங்களாகவும் பதவிகளாகவுமே படிக்கிறோம். நான் ஒரே ஒரு கேள்வியோடு படித்தேன். இவருக்கு மட்டும் மக்கள் ஏன் மீண்டும் மீண்டும் கொடுத்தார்கள்?

திருப்பூரில் பிறந்த செல்வம்

1903ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் திருப்பூரில் அவினாசிலிங்கம் பிறந்தார். தந்தையார் பெயர் சுப்பிரமணியம் செட்டியார், அன்னையார் பழனியம்மாள். வணிகம் செழித்த குடும்பம் அது. சென்னையில் சட்டம் படித்து முடித்தபோது, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வழக்காடினாலே போதும், வாழ்நாள் முழுதும் வசதியாக இருந்திருக்கலாம்.

ஆனால் இரண்டு சந்திப்புகள் அவர் வாழ்வின் திசையை மாற்றின. ஒன்று, உதகைக்கு வந்திருந்த சுவாமி சிவானந்தரைச் சந்தித்தது. இவர் பகவான் இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடர். 1922 முதல் 1934 வரை இராமகிருஷ்ண மடத்தின் தலைவராக விளங்கியவர். மற்றொன்று, அண்ணல் காந்தியடிகளின் பாதையில் அடி வைத்தது. துறவியின் அருளும் அண்ணலின் ஆணையும் ஒரே இளைஞனுக்குள் ஒன்றுகலந்தன. திருமணம் வேண்டாம் என்று முடிவு செய்தார். வழக்கறிஞர் தொழிலில் ஊன்றி நிற்கவில்லை. விடுதலைப் போரில் குதித்து 1930, 1932, 1941, 1942 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை சிறை சென்றார்.

இங்கே தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறரிடம் பத்து ரூபாய் கேட்பதற்கு முன்பே இவர் தம் தொழிலையும் குடும்ப வாழ்வையும் கொடுத்துவிட்டிருந்தார். நன்கொடை கேட்டு வருகிறவனைக் காணும் எவர் மனத்திலும் எழும் முதல் கேள்வி, இவன் இதற்காக எதைக் கொடுத்தான் என்பதே. வாய்விட்டு யாரும் கேட்பதில்லை, கேட்காமலும் இருப்பதில்லை. அவினாசிலிங்கம் அவர்கள் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு அவருடைய கதர்ச் சட்டையே விடை சொல்லிற்று.

ஒரு மாணவன், ஐந்தே முக்கால் ரூபாய்

1930ஆம் ஆண்டு சூலை மாதம் 3ஆம் நாள். கோவையில் ஒரு வாடகை வீட்டில் இராமகிருஷ்ண வித்யாலயம் தொடங்கியது. மாணவர் தொகை ஒன்று! கையிருப்பு ஐந்து ரூபாய் பன்னிரண்டு அணா, அதாவது ஐந்தே முக்கால் ரூபாய். அந்த ஒரே மாணவன், அந்நாளில் அரிசனர் என்று அழைக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த சிறுவன். நிறுவியவருக்கு அப்போது வயது இருபத்தேழு.

அந்தக் காலத்தை மனக்கண்முன் கொண்டுவந்து பாருங்கள். உலகெங்கும் பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய நேரம். விளைபொருளுக்கு விலை இல்லை. சாதியின் பெயரால் ஊரும் சேரியும் வெவ்வேறு கிணற்றில் நீர் இறைத்த நேரம். கொடையாளரைக் கவர வேண்டும் என்பது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால், ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் நாற்பது பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியிருக்கலாம். பணம் எளிதாக வந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. யாருக்குக் கல்வி எட்டாக்கனியாக இருந்ததோ அவனிடமிருந்தே தொடங்கினார். அதனால் சில வாசல்கள் அடைபட்டிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் திறந்த வாசல்கள் கொள்கை தெரிந்து திறந்தவை. கொள்கை தெரிந்து கொடுப்பவர் பாதி வழியில் விட்டுப் போவதில்லை.

எங்கள் மாலைப் பள்ளிக்கு நாங்கள் பணம் கேட்டபோது, ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் காதுக்கு இனிப்பானதைச் சொன்னோம். ஒரு வீட்டில் படிப்பு என்றோம். இன்னொரு வீட்டில் கோயில் விழாவுக்குப் பிள்ளைகள் பாடுவார்கள் என்றோம். மூன்றாம் வீட்டில் விளையாட்டு என்றோம். ஒரே பள்ளிக்கு மூன்று முகம் காட்டினால் நம்பிக்கை எங்கிருந்து வரும்?

சிறைக்குப் போன நிறுவனர்

வித்யாலயம் தொடங்கிய அதே 1930இலும், பிறகு 1932இலும் அவர் சிறைவாசம் அனுபவித்தார். தொடங்கியவர் கம்பிக்குள், பள்ளியோ பச்சைக் குழந்தை. ஒரு தனி மனிதரின் முகத்துக்காக மட்டும் பணம் வந்திருந்தால், அந்த முகம் மறைந்ததும் பணமும் நின்றிருக்கும், பள்ளியும் படுத்திருக்கும். ஆனால் வித்யாலயம் படுக்கவில்லை. உடனிருந்த ஆசிரியர்கள் தொண்டர்களாக நின்று தாங்கினார்கள். குருகுல முறையில் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக வாழ்ந்து, தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் எளிய வாழ்வு அங்கே அமைந்தது. செலவு குறைந்தால் பிறரை எதிர்பார்ப்பதும் குறையும் அல்லவா?

வெளியூரிலிருந்து வந்து பார்த்த எவருக்கும் அங்கே ஆடம்பரம் கண்ணில் பட்டிருக்காது. தாம் கொடுக்கும் ஒரு ரூபாய் ஒரு பிள்ளையின் சோறாகவும் பாடமாகவும் மாறுவதே கண்ணில் பட்டிருக்கும். நன்கொடை கேட்கும் நாவைவிட, நன்கொடை வேலை செய்யும் காட்சிக்கு வலிமை அதிகம்.

அண்ணல் நாட்டிய அடிக்கல்

1934ஆம் ஆண்டு வித்யாலயத்தின் வரலாற்றில் பொன்னான ஆண்டு. காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் சுற்றி வந்தார். 1933 நவம்பரில் தொடங்கிய அந்தப் பயணம் ஏறத்தாழ ஒன்பது மாதம் நீடித்தது. 12,500 மைல், திரண்ட நிதி சுமார் எட்டு இலட்ச ரூபாய். அதில் பெரும் பகுதி செல்வர்களின் காசோலை அன்று, ஏழைகளின் செப்புக்காசு. தம் கையொப்பத்திற்கு அண்ணல் ஐந்து ரூபாய் கேட்டார். பரிசாக வந்த பொருளை அதே மேடையில் ஏலம் விட்டார். பெண்மணிகள் வளையலைக் கழற்றித் தந்தபோது, அதற்கு ஈடாக வேறு நகை செய்துகொள்ளக் கூடாது என்று அன்போடு கட்டளையிட்டார். அப்பயணத்தில் 1934 பிப்ரவரியில் கோவைப் பகுதிக்கு வந்தார். மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் வித்யாலயத்தின் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியதும் அவ்வாண்டில்தான்.

பணம் திரட்டும் கலையில் அண்ணலைப்போல் ஓர் ஆசிரியரை உலகம் கண்டதில்லை என்றே சொல்லலாம். 1894இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியபோதே அவர் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார். மாதச் சந்தாவைத் தண்டுவது முடியாத காரியமாக இருக்கவே, அதை ஆண்டுச் சந்தாவாக மாற்றினார். ஒவ்வொருவருக்கும் இரசீது கொடுத்தார். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்தார். ஓர் ஊரில், ஆறு பவுன் தரக்கூடிய வணிகர் ஒருவர் மூன்று பவுனுக்கு மேல் தர மறுத்தார். அண்ணலும் தோழர்களும் அவர் வீட்டிலேயே இருந்தார்கள், இரவு உணவைத் தொடவில்லை, கோபிக்கவும் இல்லை. விடியும் வேளையில் அவர் மனம் இளகி ஆறு பவுனையும் கொடுத்து விருந்தும் படைத்தார். பொது நிறுவனம் கடன் வாங்கி நடக்கக் கூடாது, பெரிய மூலதனத்தைக் குவித்து வைத்துக்கொண்டு அதன் வட்டியிலும் நடக்கக் கூடாது, ஆண்டுதோறும் மக்கள் தரும் ஆதரவில் நடக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. ஏன் அப்படி? வட்டியில் வாழும் நிறுவனம் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மக்கள் மனம் கசந்தால் சந்தா நிற்கும். சந்தா நின்றால் நடத்துவோர் விழித்துக்கொள்வார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் திடுக்கென்றது. எங்கள் ஊர் நாற்பத்து மூன்று பேரில் முப்பத்து நான்கு பேர் நின்றுவிட்டது எங்களுக்கு நேர்ந்த அவமானம் என்று நான் நினைத்திருந்தேன். அது அவர்கள் எங்களுக்கு எழுதி அனுப்பிய மடல் என்பது அப்போதுதான் புரிந்தது.

பெரிய மரத்தோடு சேர்ந்த கொடி

அதே 1934இல் வித்யாலயம் இராமகிருஷ்ண மிஷனோடு இணைந்தது. சிறிய தொண்டு நிறுவனங்களை நடத்துவோர் சிந்திக்க வேண்டிய செய்தி இது. மிஷனை சுவாமி விவேகானந்தர் 1897இல் தொடங்கினார். அவ்வாண்டே வங்கத்தின் முர்ஷிதாபாத் பகுதியில் பஞ்சம். சுவாமி அகண்டானந்தர் கையில் பணமில்லாத நிலையிலும் பட்டினி கிடந்தோருக்குச் சோறிடும் பணியில் இறங்கினார். பணி நடப்பது தெரிந்த பிறகே பிற இடங்களிலிருந்து உதவி வந்தது. பணம் வந்த பிறகு தொண்டு என்றில்லாமல், தொண்டு தொடங்கிய பிறகு பணம் என்பதே அந்த மரபு. ஐந்தே முக்கால் ரூபாயும் அந்த மரபின் வழி வந்ததுதான்.

தனி ஒருவர் நடத்தும் பள்ளிக்குக் கொடுக்கத் தயங்கும் அயலூர்க்காரர், நாடறிந்த அமைப்பின் கிளை என்றால் தயங்க மாட்டார். கணக்கைத் தணிக்கை செய்யவும், நிறுவனருக்குப் பின்னும் பள்ளியைக் காக்கவும் ஆள் இருக்கிறது என்ற நிம்மதி அவருக்குக் கிடைக்கிறது. ஆனால் அதற்கு நிறுவனர் ஒரு விலை கொடுக்க வேண்டும். என் பள்ளி என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். அவினாசிலிங்கம் அவர்கள் அந்த விலையை, பள்ளி தொடங்கி நான்காண்டு முடிவதற்குள் கொடுத்தார்.

கொங்கு மண்ணின் கொடை

நம் ஊர்ப் பக்கம் கொடைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கோவை பீளமேட்டில் பூ. சா. கோவிந்தசாமி நாயுடு அவர்களின் மைந்தர் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கென்று ஒதுக்கி, 1926இல் அறக்கட்டளை கண்டார்கள். 2,01,000 ரூபாய் அன்று அறத்தின் பங்காயிற்று. இன்று பூ. சா. கோ. கல்வி நிறுவனங்களாகத் தழைத்திருப்பது அந்த ஐந்தாவது பங்குதான். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து பஞ்சாலைகள் பெருகியபோது, கோவையில் கொடுக்கும் கைகளும் பெருகின.

ஆனால் இதிலே ஒரு வேறுபாடு இருக்கிறது. பெருஞ்செல்வர் குடும்பம் தன் சொத்தை வைத்து நிறுவும் அறக்கட்டளை கிணற்றுப் பாசனம் போன்றது. ஐந்தே முக்கால் ரூபாயில் தொடங்கும் நிறுவனம் வானம் பார்த்த பூமி. ஆண்டுதோறும் மழையை எதிர்பார்த்தே உழ வேண்டும். அந்த மழை சிறு சிறு துளியாகத்தான் வரும். நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்கினார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் இட்டு வைத்தார்கள். சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் இடைவிடாத முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் பொதுமக்களின் கொடையால் வளர்ந்ததே.

மகமையிலும் பிடி அரிசியிலும் ஒரு நுட்பம் உண்டு. கொடுப்பவருக்கு அது பாரமாகத் தெரியாது. ஆனால் நாள்தோறும் கை அந்தக் கலத்தை நோக்கிப் போகும். நாள்தோறும் கொடுப்பவர் அந்த நிறுவனத்தை நாள்தோறும் நினைக்கிறார். ஆயிரம் ரூபாயை ஒரே நாளில் கொடுத்தவர் மறுநாளே அதை மறந்துவிடக்கூடும்.

அமைச்சர் பதவியிலும் அதே பாடம்

1946 முதல் 1949 வரை அவினாசிலிங்கம் அவர்கள் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தார். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் வழியாகப் பாடம் கற்பிப்பதற்கு ஊக்கமளித்தார். அவர் காலத்தில் நிறைவேறிய 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் என்ற பெருமையை உடையது. சொத்து வரியோடு சேர்த்து ஒரு சிறு தொகையை நூலக வரியாகப் பெற்று, அதைக்கொண்டு நூலகங்களை வளர்ப்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. ஊரார் ஒவ்வொருவரும் சிறிது சிறிது தர, ஊருக்கே ஒரு நூலகம்! பிடி அரிசியே சட்டமாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. என் வீட்டில் பாடநூலைத் தவிர வேறு நூல் கிடையாது. நான் படித்த கதைகளெல்லாம் ஊர்ப்புற நூலகத்தில் படித்தவை. முகம் தெரியாத எத்தனை பேரின் சில்லறைக் காசில் நான் வளர்ந்தேன் என்று நினைக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

1946இல் அவர் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் அரசுகளின் மானியத்தோடும் அன்பர்களின் நன்கொடையோடும் தமிழின் முதற் பெருங் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. முதன்மைப் பதிப்பாசிரியர், நம் கொங்கு நாட்டுக் கவிஞர் பெ. தூரன் அவர்கள். அவரும் பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயத்தில் ஆசிரியராகப் பணி செய்தவரே. கொடுத்தவர் எவரும் மறு ஆண்டே பத்தாம் தொகுதியைக் கேட்க முடியாது. பதினான்கு ஆண்டு பொறுக்க வேண்டும். முதல் தொகுதி வெளிவந்தது, அடுத்தது வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. சொன்னது ஒவ்வொன்றாக நிறைவேறுவதைக் காணும்போது பொறுமை தானே வளரும். அதைத் தொடர்ந்து குழந்தைகள் கலைக்களஞ்சியமும் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக மலர்ந்தது.

விழுதுகள்

பெரியநாயக்கன்பாளையத்தில் 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1956இல் மாருதி உடற்பயிற்சிக் கல்லூரி, 1964இல் கலைக் கல்லூரி என்று வித்யாலயம் விழுது விட்டுக்கொண்டே போயிற்று. பெண் கல்விக்காகக் கோவை நகரில் 1957இல் மனையியல் கல்லூரி தோன்றியது. டாக்டர் இராஜம்மாள் தேவதாஸ் அவர்களின் அயராத உழைப்பால் வளர்ந்த அக்கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1952 முதல் 1957 வரை மக்களவையிலும், பிறகு மாநிலங்களவையிலும் அவினாசிலிங்கம் அவர்கள் உறுப்பினராக இருந்தார். 1970இல் பத்மபூஷண் விருது அவரை அடைந்தது. தாம் ஊன்றிய வித்யாலயத்தின் அறுபதாம் ஆண்டையும் கண்டுவிட்டு, 1991 நவம்பர் 21ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில் அப்பெரியார் மறைந்தார்.

அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. வித்யாலயம் மறையவில்லை. சென்ற விடுமுறையில் நானும் என் நண்பனும் மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறிப் பெரியநாயக்கன்பாளையம் போய் வந்தோம். வகுப்பு விட்டுச் சாரி சாரியாக மாணவர்கள் வெளியே வந்தார்கள். 1930இல் வந்து சேர்ந்த அந்த ஒரே சிறுவனை நினைத்துக்கொண்டு நின்றேன். அவன் முன்னால் அன்று ஒரு தட்டுச் சோறு வைத்தவர்களின் பெயரெல்லாம் எனக்குத் தெரியாது. இவர்களுக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சோறு இன்னும் தீரவில்லை.

நமக்குரிய பாடம்

தோழர்களே! நம்மில் பலர் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறோம். இரத்த தானக் குழு, மரம் நடும் குழு, ஏழை மாணவர் உதவி நிதி என்று ஏதேனும் ஒன்றை நடத்த ஆசைப்படுகிறோம். இன்று கைப்பேசியில் விரலால் தொட்டால் பணம் போய்ச் சேர்கிறது. வாசல் ஏறக்கூட வேண்டியதில்லை. உரிய பதிவு பெற்ற நிறுவனத்திற்குக் கொடுத்தால் வருமான வரிச் சட்டத்தின்படி சலுகை பெறவும் வழி உண்டு. பணம் வரும் வழி எளிதாகிவிட்டது. நம்பிக்கை வரும் வழி மட்டும் 1930இல் இருந்தது போலவே கரடுமுரடாகத்தான் இருக்கிறது. முதலில் நாம் கொடுக்க வேண்டும். எதற்கு என்பதை எல்லோரிடமும் ஒன்றாகவே சொல்ல வேண்டும். வேலையைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். ஒரு ரூபாய் கொடுத்தவருக்கும் ஆயிரம் கொடுத்தவருக்கும் ஒரே கணக்கை, கேட்பதற்கு முன்பே காட்ட வேண்டும். நாம் இல்லாதபோதும் நடக்கும்படி பிறரை உள்ளே சேர்க்க வேண்டும்.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். இந்தப் பொங்கலுக்கு நன்கொடைப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு தாளில் இரண்டாண்டு வரவு செலவை எழுதிக்கொண்டு, கொடுத்த நாற்பத்து மூன்று வாசல்களுக்கும் போனோம். விளக்குக்கு எவ்வளவு, நோட்டுக்கு எவ்வளவு, எந்தப் பிள்ளை எதைப் படித்தது என்று சொன்னோம். கணக்கில் பதினேழு ரூபாய் இடித்தது. அதையும் மறைக்காமல் சொல்லி, எங்கள் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டினோம். பணம் கேட்கவில்லை. சிலர் பேசாமல் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் கதவைத் திறக்கவே இல்லை. மளிகைக் கடை அப்பாரு மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை இரண்டு முறை படித்தார். பிறகு தம் பேரனை மாலைப் பள்ளிக்கு அனுப்புவதாகவும், சாவடி விளக்கின் மின்கட்டணத்தை மாதாமாதம் தாமே கட்டிவிடுவதாகவும் சொன்னார்.

ஒரு விளக்கு மீண்டும் எரிகிறது. பிள்ளைகள் பதினோரு பேர் வருகிறார்கள். கையிருப்பு மிகக் குறைவுதான். ஆயினும் ஐந்தே முக்கால் ரூபாயைவிட அதிகம் என்று எண்ணும்போது எங்களுக்கு அச்சம் வரவில்லை.

வாழ்க அவினாசிலிங்கனார் புகழ்! வளர்க அவர் காட்டிய தொண்டு நெறி!